தாய்லாந்து அரண்மனைப் பெண்களின் பட்டங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: தாய்லாந்து அரச குடும்பத்துச் செய்திகளில் சிரிகிட், சுதிடா, சிரிந்தோன், சினீநாத் என்று பல பெயர்கள் வருகின்றன. ஒரே ஆளை ஒரு நாள் ராணி என்றும் இன்னொரு நாள் இளவரசி என்றும் எழுதுகிறார்கள். இவர்களில் யார் அரச குடும்பத்தில் பிறந்தவர், யார் பட்டம் பெற்றவர்? இந்தப் பட்டங்களுக்குள் ஏற்ற இறக்கம் எப்படி அமைகிறது?

சுருக்கமான விடை: பூமிபோல் மன்னரின் மகள் சிரிந்தோன் பிறப்பால் இளவரசி. அவருடைய தாயார், ராணி சிரிகிட், பிறந்தபோது இளவரசி அல்ல. இன்றைய மன்னர் வஜிரலோங்கோர்னின் ராணி சுதிடா, துணைவி சினீநாத் இருவரும் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, மன்னர் கொடுத்த பட்டத்தால் உயர்ந்தவர்கள். தாய்லாந்தில் ஒரு பெண்ணின் பட்டம் மூன்று தகவல்களை ஒரே சரத்தில் கோத்திருக்கும்: யாருக்குப் பிறந்தவர், இப்போது அரியணையில் இருப்பவருக்கு என்ன உறவு, மன்னர் தனியாக எதை வழங்கினார். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் எவ்வளவு நீளமான பட்டமும் புரியும். பிரிக்காமல் எல்லாவற்றையும் 'இளவரசி' என்று எழுதுவதால்தான் குழப்பம்.

முதலில் பிறப்பு. அரச வம்சத்தில் மூன்று படிகள் உண்டு: சாவ் ஃபா, அதற்குக் கீழே பிரா ஓங் சாவ், அதற்கும் கீழே மொம் சாவ். இந்த மூன்றும்தான் 'சாவ்', அதாவது அரச குலத்தவர். அடுத்து வரும் மொம் ராஜவோங், மொம் லுவாங் இரண்டும் அரச வழித்தோன்றல் என்பதற்கான அடையாளம் மட்டுமே. அவர்கள் சட்டப்படி குடிமக்கள். மொம் லுவாங்கின் பிள்ளைகளுக்குப் பட்டமே கிடையாது. குடும்பப் பெயருக்குப் பின்னால் 'ண அயுத்தயா' என்ற ஒட்டு மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி இறங்குவதுதான் இந்த அமைப்பின் அடிப்படை. அரச குடும்பம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடாமல் காத்தது இதுதான். ஐந்தாம் ராமரான (இன்றைய வம்சத்து மன்னர்களை 'ராமர்' என்று எண்ணிட்டு அழைப்பார்கள்) சூலாலங்கோர்ன் மன்னருக்கு மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிரிகிட்டின் குடும்பத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். சூலாலங்கோர்ன் மன்னருக்கும் சாவ் சோம் மாண்டா உவாம் என்ற துணைவிக்கும் பிறந்தவர் கிதியாகரா. தாயார் உவாம் அரச குலத்தவர் இல்லை என்பதால் அவர் சாவ் ஃபா ஆகவில்லை, பிரா ஓங் சாவ் ஆனார். அவருடைய மகன் நக்கத்ர மங்களா ஒரு படி இறங்கி மொம் சாவ். அவருடைய மகள் சிரிகிட், 1932 ஆகஸ்ட் 12 அன்று பிறந்தபோது, மொம் ராஜவோங். மன்னருடைய கொள்ளுப்பேத்திதான், ஆனால் அரச குல எல்லைக்கு ஒரு படி வெளியே நின்றவர். அவருடைய தாயார் புவா மொம் லுவாங். தந்தையைவிட இரண்டு படி கீழே. அது மகளின் படியை ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் பட்டம் தந்தை வழியாகத்தான் இறங்கும். அதே காரணத்தால் மொம் ராஜவோங்காகப் பிறந்த பெண் சாதாரண ஆளைத் திருமணம் செய்துகொண்டால் அவருக்குத் தன் பட்டம் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகாது.

மேல் படிகளில் மட்டும் தாயின் நிலையையும் பார்ப்பார்கள். மன்னரின் பிள்ளை சாவ் ஃபா ஆக வேண்டுமென்றால் தாய் ராணியாகவோ அரச குலத்தவராகவோ இருக்க வேண்டும். இதன் விளைவை 1925-இல் நடந்த ஒன்றில் பார்க்கலாம். ஆறாம் ராமரான வஜிராவுத் மன்னரின் துணைவி சுவதனா, அரச குலம் சாராத குடும்பத்தில் பிறந்தவர், ராணி அல்லாத துணைவியருக்கான சாவ் சோம் என்ற படியில் இருந்தவர். அவர் கர்ப்பமாக இருந்தார். குழந்தை அந்த நிலையில் பிறந்தால் பிரா ஓங் சாவ்தான். எனவே பிரசவத்துக்கு முந்தைய மாதம், அக்டோபரில், அவரைப் 'பிரா நாங் சாவ் சுவதனா பிரா வரராஜதேவி' என்று உயர்த்தினார் மன்னர். நவம்பர் 24 அன்று பெண் குழந்தை பிறந்தது, சாவ் ஃபாவாகப் பிறந்தது. பிறந்த இரண்டு நாள்களுக்குள் மன்னர் காலமானார். அந்தக் குழந்தைதான் பேஜரத்தனா. தாயின் பட்டம் உயர்ந்தது பிறக்கப்போகும் பிள்ளைக்காக என்பது சியாம் அரண்மனையில் அரிதான ஒன்றல்ல.

இளவரசர்களின் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. சூலாலங்கோர்னின் மகன் மகிடோல் இளவரசர் சாவ் ஃபா. அவர் 1920-இல் மணந்த சங்வான், செவிலியர் படிப்பு படித்த சாதாரணக் குடும்பத்துப் பெண். எனவே அவர்களுடைய மூத்த மகள் கல்யாணி வதனாவும் மகன் ஆனந்தாவும் மொம் சாவ் ஆகத்தான் பிறந்தார்கள். 1927 நவம்பர் 8 அன்று ஏழாம் ராமர், சாவ் ஃபாக்களுக்குச் சாதாரணக் குடும்பத்து மனைவியர் வழி பிறந்த பிள்ளைகளைப் பிரா ஓங் சாவ் ஆக்கி ஆணையிட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மூன்றாவது குழந்தை பிறந்தது. பின்னாளில் ஒன்பதாம் ராமரான பூமிபோல் அவர்தான். அக்காவும் அண்ணனும் மொம் சாவ் ஆகப் பிறந்து உயர்ந்தவர்கள், தம்பி மட்டும் பிறக்கும்போதே பிரா ஓங் சாவ்.

இப்போது ஒரு முழுப் பட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதே கல்யாணி வதனாவின் பட்டம்: 'சோம்டெட் பிரா சாவ் பீ நாங் தோ, சாவ் ஃபா கல்யாணி வதனா, க்ரோம் லுவாங் நராதிவாஸ் ராஜநகரிந்திரா.'

'சோம்டெட் பிரா சாவ்' என்பது மரியாதை அடைமொழி. 'பீ நாங்' என்றால் அக்கா. 'தோ' என்பது மன்னருக்கு உரிய உறவு என்பதைக் காட்டும் சொல். ஆக, முதல் துண்டு 'மாமன்னரின் அக்கா' என்கிறது. பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தாலும் அது மன்னரிடமிருந்து அளந்த தூரம். மன்னர் மாறினால் இந்தத் துண்டும் மாறும். மகளாக இருந்தால் 'லூக் தோ', பேத்தி அல்லது உடன்பிறந்தாரின் மகள் முறையானால் 'லான் தோ', தங்கையானால் 'நோங் நாங் தோ'. மேலே சொன்ன பேஜரத்தனா தன் தந்தையின் மகளாக 'லூக் தோ' ஆகத் தொடங்கி, சித்தப்பா மகன்கள் மன்னரானபோது 'பகினி தோ' ஆனார். பகினி என்றால் சகோதரி, சமஸ்கிருதச் சொல்தான். பழைய செய்தி ஒன்றில் வரும் பட்டத்தைத் தேதி பார்க்காமல் இன்றைய பட்டமாக எழுதுவதால் வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த முதல் துண்டில்தான் நடக்கின்றன.

இரண்டாவது துண்டு 'சாவ் ஃபா', பிறப்புப் படி. அடுத்தது இயற்பெயர். கடைசித் துண்டு 'க்ரோம் லுவாங்...'. இதை இலாகா என்றோ இரண்டாவது பெயர் என்றோ மொழிபெயர்த்துவிடுகிறார்கள். க்ரோம் என்றால் துறை, பிரிவு என்பது உண்மைதான். முற்காலத்தில் மூத்த இளவரசருக்கோ இளவரசிக்கோ ஆள்களைக் கொண்ட ஒரு பிரிவை மன்னர் ஒதுக்குவார். அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி எந்தத் தரத்தில் இருந்தாரோ அதுவே அவர்களின் படியின் பெயராயிற்று. கீழிருந்து மேலாக க்ரோம் முவென், க்ரோம் குன், க்ரோம் லுவாங், க்ரோம் பிரா, க்ரோம் பிரயா என ஐந்து. இன்று ஆள்களும் இல்லை, பிரிவும் இல்லை, கௌரவம் மட்டும். பின்னால் வரும் ஊர்ப்பெயர் அந்தக் கௌரவத்தோடு சேர்ந்தது. நராதிவாஸ் தெற்கே உள்ள மாகாணம். கல்யாணி வதனாவுக்கு இது கிடைத்தது 1995-இல், அவருக்கு 72 வயது நிறைந்தபோது. இத்தகைய உயர்ந்த பட்டங்களைத் தங்கத் தகட்டில் பொறித்து வழங்குவது மரபு. தாய்லாந்து மொழியில் அதன் பெயர் 'சுபன்னபட்', நம் காதுக்குச் சுவர்ண பத்திரம்.

இந்த ஒருவருடைய வாழ்க்கையே ஏணி முழுவதையும் காட்டும். 1923-இல் லண்டனில் மொம் சாவ் ஆகப் பிறந்தார். 1927-இல் பிரா ஓங் சாவ். 1935-இல் தம்பி ஆனந்தா மன்னரானதும் சாவ் ஃபா. 1944-இல் அரச குலத்தவரல்லாத ஒருவரை மணக்க அரச படிநிலையை விட்டு விலகினார். 1950-இல் இன்னொரு தம்பியின் ஆட்சியில் அது திரும்பக் கிடைத்தது. பிறப்பு, ஆட்சி மாற்றம், திருமணம், மன்னரின் விருப்பம் என்று பட்டத்தை நகர்த்தும் நான்கு விசைகளும் ஒரே ஆளிடம் வேலை செய்திருக்கின்றன.

அந்த மூன்றாவது விசையான திருமணம் பெண்களுக்கு மட்டுமே கடுமையானது. அரச குலத்துப் பெண், அதாவது மொம் சாவும் அதற்கு மேற்பட்டவரும், வெளியாளை மணப்பதாக இருந்தால் முதலில் தம் படிநிலையிலிருந்து விலக வேண்டும் என்கிறது 1932-இல் வந்த அரண்மனைச் சட்டம். இளவரசர் சாதாரணப் பெண்ணை மணந்தால் அவருக்கு இழப்பில்லை. பூமிபோலின் மூத்த மகள் உபோன்ரத் 1972-இல் அமெரிக்கர் ஒருவரை மணந்தபோது சாவ் ஃபா பட்டத்தை இழந்தார். மணவாழ்க்கை முடிந்து நாடு திரும்பிய பிறகும் அது முறைப்படி திரும்பவில்லை. 'தூன்கிரமோம் யிங்' என்று அழைக்கிறார்கள். அது ராணி வயிற்றுப் பிள்ளையை மரியாதையாகக் கூப்பிடும் முறை, படிநிலை அல்ல. ஆனால் அவருடைய தங்கை சூலபோர்ன் 1982-இல் சாதாரணக் குடும்பத்து அதிகாரியை மணந்தும் சாவ் ஃபா ஆகவே நீடித்தார். மன்னரின் தனி அனுமதிதான் வேறுபாடு. ஒரே வீட்டில், பத்து ஆண்டு இடைவெளியில், இரண்டு விதமாக நடந்திருப்பதால் 'தாய்லாந்து இளவரசி வெளியாளை மணந்தால் பட்டம் போகும்' என்று பொதுவாக எழுதிவிட முடியாது.

ராணிப் பட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு அசை பெரிய பொருளைச் சுமக்கிறது. சுதிடாவை 2019 மே 1 அன்று மணந்தபோது மன்னர் வஜிரலோங்கோர்ன் கொடுத்தது 'சோம்டெட் பிரா ராச்சினி'. ராச்சினி நம் ராணிதான். மே 4 அன்று முடிசூட்டு விழாவில் அது 'பிரா போரோமராச்சினி' ஆனது. 'போரோம' என்பது பரம. முடிசூட்டிய மன்னரின் பட்டத்தரசி என்று பொருள். 1950-இல் சிரிகிட்டுக்கும் இதே வரிசை: ஏப்ரல் 28 திருமணத்தில் ராச்சினி, மே 5 முடிசூட்டில் போரோமராச்சினி. இவற்றுக்கு மேல் ஒரு படி உண்டு. போரோமராச்சினியோடு 'நாத்' சேர்ந்து 'போரோமராச்சினினாத்'. நாதன் என்று நாம் சொல்லும் அதே நாத. மன்னர் இல்லாதபோது ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்திய ராணிக்கே இது. இதுவரை இருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. 1897-இல் சூலாலங்கோர்ன் ஐரோப்பா சென்றபோது ஆட்சியைப் பார்த்துக்கொண்ட சவோபா ஒருவர். 1956 அக்டோபர் 22 முதல் நவம்பர் 5 வரை பூமிபோல் துறவு பூண்டிருந்த 15 நாள்களில் ஆட்சிக் காவலராக இருந்த சிரிகிட் இன்னொருவர். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அவருக்கு 'நாத்' சேர்ந்தது. சுதிடாவின் பெயரோடு 'நாத்' சேர்த்து எழுதுவது தவறு.

மன்னரின் தாய் என்பது இன்னொரு வரிசை. 2019-இல் மகன் ஆட்சியில் சிரிகிட்டுக்குச் சேர்ந்த சொல் 'போரோமராச்சசொன்னனி பன் பீ லுவாங்'. ராச்ச சொன்னனி என்பது ராஜ ஜனனி. 'பன் பீ' என்றால் ஆயிரம் ஆண்டு. மன்னரின் தாயை ஆயிரம் ஆண்டு வாழ்க என்ற வாழ்த்தாலேயே குறிப்பது பழைய வழக்கம். 2025 அக்டோபர் 24 அன்று அவர் காலமானார். இதோடு சங்வானை ஒப்பிட வேண்டும். அவர் இரண்டு மன்னர்களுக்குத் தாய், ஆனால் ஒருபோதும் ராணி இல்லை, ஏனென்றால் கணவர் மகிடோல் மன்னராகவில்லை. அவருக்கு மகன்கள் வழியாகவே பட்டம் வந்தது. 1938-இல் சோம்டெட் பிரா ராஜஜனனி ஸ்ரீசங்வான், 1970-இல் ஸ்ரீநகரிந்திரா போரோமராஜஜனனி. 'ராணித்தாய்' என்று அவரைத் தமிழில் எழுதினால் அதில் பாதி பிழை. 'மன்னரின் தாய்' என்றால் சரி.

சூலாலங்கோர்ன் காலத்தில் ராணி ஒருவர் மட்டும் இல்லை. சவோபா, அவருடைய அக்கா சவாங் வதனா, ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரி சுகுமான் என்று பலர், ஆளுக்கொரு படியில். இவர்களுக்குள் உயர்வு தாழ்வைத் தீர்மானித்தது பெரும்பாலும் மகன்தான். முதல் பட்டத்து இளவரசர் சவாங் வதனாவின் மகன் வஜிருன்ஹிஸ். அவர் 1895-இல் இறந்து, சவோபாவின் மகன் வஜிராவுத் அந்த இடத்துக்கு வந்ததும் தங்கை அக்காவைத் தாண்டி முன்னுக்கு வந்துவிட்டார்.

ராணி அல்லாத துணைவியர் சாவ் சோம். குழந்தை பெற்றவர் சாவ் சோம் மாண்டா. மாண்டா என்றால் தாய், மாதா என்ற அதே வேரிலிருந்து வந்தது. பெட்சபுரியைச் சேர்ந்த ஐந்து சகோதரிகள், பெயரெல்லாம் தாய்லாந்து எழுத்து 'ஓ'-வில் தொடங்குவதால் 'கொக் ஓ' என்று அழைக்கப்பட்டவர்கள், சூலாலங்கோர்னின் துணைவியர். ஐவரில் ஓன் மட்டுமே பிள்ளை பெற்றார், அவர் மட்டுமே சாவ் சோம் மாண்டா. மற்ற நால்வரும் கடைசி வரை சாவ் சோம். சாவ் சோம் மாண்டாவின் மகள் பிரா ஓங் சாவ், தாயோ சாதாரணக் குடிமகள். வயிற்றில் சுமந்த பிள்ளை படியில் தன்னைவிட மேலே. சியாங்மாயிலிருந்து 1886-இல் பாங்காக் வந்த தாரா ரஷ்மி, வடக்கு அரசரின் மகளாக இருந்தும், சாவ் சோம் ஆகத்தான் தொடங்கினார். 1889-இல் மகள் பிறந்தபின் சாவ் சோம் மாண்டா, பிறகு பிரா ராச்சசாயா. அந்த ஒரே மகள் 1892-இல் இறந்துபோனாள்.

சினீநாத்துக்கு 2019 ஜூலை 28 அன்று வழங்கப்பட்ட 'சாவ் குன் பிரா' இந்த வரிசையில் மிக உயர்ந்த படிகளில் ஒன்று. சூலாலங்கோர்னின் துணைவி பே, ஆறாம் ராமர் காலத்தில் 'சாவ் குன் பிரா பிரயூரவோங்' ஆனார். அதே படிதான். அக்டோபர் 21 அன்று சினீநாத்தின் பட்டமும் பதவிகளும் விருதுகளும் பறிக்கப்பட்டன. 2020 செப்டம்பர் தொடக்கத்தில் வந்த அரசிதழ், எதுவும் பறிக்கப்படாததுபோலவே எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தது. இதை 'ஆசைநாயகி' என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன். அரசிதழில் வெளியான, கடமைகளோடு கூடிய அரண்மனைப் படிநிலை இது. 'அரசத் துணைவி' என்று எழுதலாம்.

பிழைகளிலேயே மிக எளிதாக நடப்பது 'மொம்' என்ற சொல்லால். மொம் சாவ் என்றால் அரச குலத்தவர். வெறும் மொம் என்றால் இளவரசரை மணந்த சாதாரணக் குடும்பத்துப் பெண். சங்வான் திருமணத்துக்குப் பின் மொம் சங்வான். சக்ரபோங் இளவரசர் 1906-இல் மணந்த ரஷ்யப் பெண் கதெரீனா, மொம் கதெரின். மணமகள் அரச குலத்தவராக இருந்தால் மொம் இல்லை, 'சாயா', உயர்ந்த படியில் 'பிரா சாயா'. சாயா என்பது நிழலைக் குறிக்கும் சாயை அல்ல. மனைவி என்று பொருள்படும் ஜாயா.

குன்யிங், தான்புயிங் இரண்டும் அரச குலப் பட்டங்களே அல்ல. முன்பு பிரயா பட்டம் பெற்ற பிரபுவின் மனைவி குன்யிங், சாவ் பிரயாவின் மனைவி தான்புயிங். இன்று இவை சுல சோம் கிளாவ் விருதோடு வருகின்றன. 1873-இல் தொடங்கிய விருது அது, 1893-இல் பெண்களுக்கும் திறந்தது. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பின் மேல்நிலையும் பெற்றவர் தான்புயிங். அதற்குக் கீழே நான்காம் வகுப்பு வரை குன்யிங். மணமாகாதவருக்குக் குன்யிங்குக்குப் பதில் வெறும் 'குன்' என்பது வழக்கம். சிக்கல் எங்கே என்றால், மொம் ராஜவோங் பெண்களையும் பேச்சில் 'குன்யிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனவே ஒருவர் பிறப்பால் குன்யிங்கா, விருதால் குன்யிங்கா என்று பார்க்க வேண்டும். தடயவியல் மருத்துவர் பொர்ன்திப் விருதால் வந்த குன்யிங். பட்டத்தின் எழுத்து வடிவத்தில் மொம் ராஜவோங் இருந்தால் பிறப்பு. அது இல்லாமல் குன்யிங் மட்டும் இருந்தால் விருது.

அரண்மனை உள்வளாகம், தாய்லாந்து மொழியில் 'ஃபாய் நாய்', முழுக்கப் பெண்களின் நிர்வாகத்தில் இருந்தது. வாயிற்காவல்கூடப் பெண்கள்தான், 'க்லோன்' என்று பெயர். அங்கே பொறுப்பு வகித்த மூத்த பெண் அதிகாரிகளின் பட்டம் 'தாவ்'. இதே பட்டத்தை மன்னர்கள் அரண்மனைக்கு வெளியே போரில் நின்ற பெண்களுக்கும் கொடுத்தார்கள். 1785-இல் பர்மியப் படையிடமிருந்து புக்கெட்டைக் காத்த சான், முக் சகோதரிகள் தாவ் தேப் கிரசத்திரி, தாவ் ஸ்ரீ சுந்தோன் ஆனார்கள். கோராட் நகரச் சதுக்கத்தில் சிலையாக நிற்கும் மோ, தாவ் சுரநாரி. 'சுரநாரி' என்பதைச் சொல்லிப் பாருங்கள், சூர நாரி, அதாவது வீரப் பெண். தமிழர் யாருக்கும் அகராதி தேவைப்படாது. ஆனால் எல்லை தாண்டி லாவோஸுக்குப் போனால் அதே 'தாவ்' ஆண்களின் பெயருக்கு முன்னால் வரும். அங்கே அதைப் பெண் பட்டமாகப் படித்தால் ஆளே மாறிவிடும்.

தமிழில் எழுதும்போது என் பரிந்துரை: முதல் முறை தாய்லாந்துப் பட்டத்தை அப்படியே கொடுத்து, பக்கத்தில் ஒரு வரியில் விளக்குங்கள். பிறகு சாவ் ஃபா, பிரா ஓங் சாவ், மொம் சாவ் மூவரை மட்டும் 'இளவரசி' என்று சொல்லுங்கள். மொம் ராஜவோங்கையும் மொம் லுவாங்கையும் பெயருக்கு முன் அப்படியே விட்டுவிடுங்கள். உறவுத் துண்டை எழுதினால், அது எந்த ராமர் ஆட்சியில் உள்ள உறவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.